வீட்டுக் கணிப்பொறியில் இரண்டு இயங்குதளங்கள்

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் தறி ஓடும் இல்லங்களிலும், கரிசற் காட்டு உழவர் இல்லங்களிலும் இன்று ஒரு மடிக்கணினியேனும் இருப்பதைப் பரவலாகக் காண்கிறோம். அவற்றுட் பல, 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாடு அரசினர் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாகப் பின்வந்த ஆண்டுகளில் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை. படிப்பு முடிந்து பிள்ளைகள் வெளியூர் சென்றபின், சில பெட்டிகள் பீரோவின் மேல்தட்டில் உறங்குகின்றன. சில, பழைய சாமான் கடைக்குப் போகும் நாளை எதிர்நோக்கியிருக்கின்றன. இன்னும் சில வீடுகளில், வங்கிக் கணக்குப் பார்ப்பதற்கும் மின் கட்டணம் செலுத்துவதற்கும் அவை நாள்தோறும் உழைக்கின்றன. ஆயின் அவற்றினுள் இயங்கும் விண்டோஸ் 7, 2020 சனவரி 14ஆம் நாளோடும், விண்டோஸ் 10, 2025 அக்டோபர் 14ஆம் நாளோடும் தம்மை ஆக்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பொது ஆதரவை இழந்துவிட்டன என்பதை அங்கத்தினருட் பலர் அறியார். ஆதரவு இழந்தது என்றால் நின்றுவிட்டது என்று பொருளன்று. பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்பெறும் ஓட்டைகளை அடைப்பார் மட்டும் இல்லை என்று பொருள். வேலியில் விழுந்த இடைவெளியை ஆடு கண்டுகொள்ளும் வரை தோட்டம் பச்சையாகவே காட்சி தரும்.

இந்நிலையில் ஒரு குடும்பத்தின் முன் மூன்று வழிகள் உள்ளன. பல மாதக் கூலியைச் செலவிட்டுப் புதிய கணிப்பொறி வாங்கலாம். காவலற்ற பழைய தளத்திலேயே வங்கி அலுவலைத் தொடர்ந்து துணிவைச் சோதிக்கலாம். அன்றி, அதே பெட்டியில் மற்றோர் இயங்குதளத்தையும் அமைத்து, வேலைகளை இரண்டிற்கும் பிரித்துக் கொடுக்கலாம். மூன்றாம் வழியை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். ஒன்றைத் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நலம். எந்த வேலையை எந்தத் தளத்தில் செய்வது என்று வீட்டார் முன்கூட்டியே தீர்மானித்து எழுதிவைத்தால் மட்டுமே இரண்டு தளங்கள் சிக்கனமாகும். அவ்வாறு செய்யாதவருக்கு அவை இரட்டைச் சுமையே ஆகும்.

1. இயங்குதளம் என்பது யாது?

கண்மாயில் நீர் நிரம்பியிருந்தால் மட்டும் வயல் விளைந்துவிடுவதில்லை. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது, யார் முறைக்குப்பின் யார் முறை என்பதை அறிந்து நடத்த ஒரு நீர்ப்பாய்ச்சி வேண்டும். கணிப்பொறியின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவை கண்மாயின் நீரைப் போன்றவை. நாம் உபயோகிக்கும் கணக்கு மென்பொருள், கடித மென்பொருள், இணைய உலாவி ஆகியவை வயல்களைப் போன்றவை. இடையில் நின்று பங்கிட்டுக் கொடுக்கும் நீர்ப்பாய்ச்சியே இயங்குதளம். விண்டோஸ் அத்தகையதொரு தளம், லினக்ஸ் மற்றொன்று.

ஒவ்வொரு மென்பொருளும் ஒரு குறிப்பிட்ட தளத்தின் வழக்கத்திற்கு ஏற்பவே எழுதப்பெறுகிறது. விண்டோஸுக்கென ஆக்கப்பெற்றது லினக்ஸில் அப்படியே ஓடாது. ஒயின் என்னும் துணைக்கருவியால் சில ஓடும். ஓடும் என்று முன்கூட்டி நம்புவதற்கில்லை. இதனால்தான் ஒரே வீட்டில் இரண்டு தளங்கள் வேண்டியிருக்கும் நிலை எழுகிறது.

2. இது நமக்குப் புதிதன்று

இரட்டைத் தளம் என்பது ஏதோ பெருநகரத்து ஆய்வுக்கூடத்து விஷயம் என எண்ணவேண்டா. தமிழ்நாட்டில் இதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு வரலாறு உண்டு. அரசு நிறுவனமாகிய எல்காட், 2006ஆம் ஆண்டையொட்டித் திரு. சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், தன் அலுவலகக் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியது. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனத்தினர் சென்னையிலிருந்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. பாஸ் என்பது பாரத் இயங்குதளத் தீர்வுகள் என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரின் சுருக்கம்; தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குமாறு அஃது அமைக்கப்பெற்றது. 2014 ஏப்ரல் 8ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவை இழந்தபோது, பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ளுமாறு தமிழ்நாடு அரசினர் தம் துறைகளுக்கு அறிவுறுத்தினர். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்வி லினக்ஸைக் கொண்டே நடைபெற்று வருகிறது.

நம் வீடுகளுக்கு வந்த விலையில்லா மடிக்கணினிகளுட் பலவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் சேர்ந்தே வந்தன. பெட்டியை இயக்கியதும், எதற்குள் நுழைவது என்று கேட்கும் பட்டியல் திரையில் தோன்றியதைப் பலர் நினைவிற் கொண்டிருப்பர். ஆயினும் மிகப்பல வீடுகளில் பாஸ் லினக்ஸ் ஒருமுறையேனும் திறக்கப்பெறாமலே கிடந்தது. இடத்தை அடைக்கிறது என்று பின்னர் அழிக்கவும் பெற்றது. தளம் பழுதுடையது என்பது இதற்குக் காரணமன்று. அதற்கென ஒரு வேலை ஒதுக்கப்பெறவில்லை என்பதே காரணம். வேலை ஒதுக்கப்பெறாத தறியில் தூசிதான் படியும்.

3. எந்த வேலைக்கு எந்தத் தளம்?

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். அருப்புக்கோட்டையில் நெசவு செய்யும் ஒரு குடும்பம். திருச்சுழிப் பக்கம் மானாவாரி நிலமும் உண்டு. அவ்வீட்டில் மடிக்கணினிக்கு உள்ள வேலைகள் ஐந்து: சேலைக்கரை வடிவங்களை வரையும் விண்டோஸ் மென்பொருள், பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துவைத்த கடிதங்கள், வங்கிக் கணக்கும் கட்டணங்களும், பட்டா, சிட்டா நகல் எடுத்தலும் மிளகாய், மல்லி, பருத்தி விலை பார்த்தலும், இளைய மகனின் பாடம்.

முதல் இரண்டும் விண்டோஸை விட்டு நீங்கா. வடிவ மென்பொருளையும், டாலி போன்ற கணக்கு மென்பொருளையும், சில மின்னொப்பக் கருவிகளையும், சில அச்சுப்பொறிகளையும் நம்பியிருப்போர் விண்டோஸை அழித்துவிடலாகாது. பழைய கடிதங்களின் நிலையும் அதுவே. பாமினி, வானவில் போன்ற பழைய முறைகளில் அடித்தவை, அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். தமிழ்நாடு அரசினர் 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்ட பின்னரும் பழைய கோப்புகள் பழையனவாகவே உள்ளன. அவற்றைச் சிறிது சிறிதாக ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுதல் நலம். மாற்றி முடியும்வரை விண்டோஸ் இருக்கட்டும்.

பின்னுள்ள மூன்றும் இணைய உலாவி ஒன்றிருந்தாலே நடைபெறுபவை. ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகள் லினக்ஸிலும் உண்டு. கடிதம், கணக்குத்தாள் ஆகியவற்றிற்கு லிப்ரே ஆஃபீஸ் விலையின்றிக் கிடைக்கிறது. 1999இல் வகுக்கப்பெற்ற தமிழ்99 விசைப்பலகையை லினக்ஸிலும் அமைத்துக்கொள்ளலாம்.

ஆகவே இவ்வீட்டின் பங்கீடு தானே தெளிவாகிறது. வெளியுலகத்தோடு தொடர்புடைய வேலை அனைத்தும், இன்றும் பாதுகாப்புத் திருத்தங்கள் பெறும் லினக்ஸில் நடைபெறவேண்டும். வீட்டிற்குள்ளேயே முடியும் பழைய வேலை விண்டோஸில் நடைபெறலாம்; அவ்வேளையில் இணையத் தொடர்பு துண்டிக்கப்பெற்றிருத்தல் வேண்டும். ஆதரவு இழந்த தளத்தில் வங்கிக் கடவுச்சொல்லை ஒருமுறையும் அடித்தலாகாது. இவ்விதி ஒன்றைக் கடைப்பிடித்தாலே இப்பாடத்தின் பயனிற் பாதி கிட்டிவிடும்.

4. முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய நான்கு வினாக்கள்

முதலாவது: இப்பெட்டி விண்டோஸ் 11ஐ ஏற்குமா? அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், 4 ஜிகாபைட் நினைவகமும், 64 ஜிகாபைட் வட்டும், ஏற்கப்பெற்ற செயலியும் வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருத்தல் வேண்டும். ஏற்குமாயின் முறையாக மேம்படுத்திக்கொண்டு ஒரே தளத்தோடு அமைதி பெறலாம், இரண்டாவது தேவையில்லை. விண்டோஸ் 10க்கென வீட்டு உபயோகிப்பாளருக்கு அறிவிக்கப்பெற்ற ஓராண்டுப் பாதுகாப்பு நீட்டிப்பு 2026 அக்டோபர் 13ஆம் நாளை எல்லையாகக் கொண்டது. அது தவணை நீட்டிப்பே அன்றித் தள்ளுபடி அன்று.

இரண்டாவது: நினைவகம் எவ்வளவு? 2 ஜிகாபைட் உள்ள பெட்டியில் லினக்ஸின் இலகுவான பதிப்புகளே பொருந்தும். 4 ஜிகாபைட் இருப்பின் லினக்ஸ் மின்ட் போன்றவை செவ்வனே ஓடும். வன்வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் திண்மவட்டைப் பொருத்தினால், பழைய பெட்டியும் வேறு பெட்டியோ என வியக்குமாறு விரைவு பெறும்.

மூன்றாவது: செயலி 32 பிட்டா, 64 பிட்டா? மிகப்பழைய பெட்டிகளுக்கு இவ்வினா முக்கியமானது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் பெட்டிகளுக்கான நிறுவலை நிறுத்திவிட்டது. எனவே பதிவிறக்கு முன்னரே இதனை அறிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது: இவ்விரண்டு தளங்களையும் பேணப்போகின்றவர் யார்? வீட்டில் ஒருவரேனும் இதனைக் கற்றிருத்தல் வேண்டும். வெளியூரில் இருக்கும் மகனைத் தொலைபேசியில் அழைத்துத்தான் பெட்டியைத் திறக்கவேண்டும் என்னும் நிலை, சாவியை அயலூரில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டியதற்கு ஒப்பாகும்.

5. மூன்று முறைகள்

(அ) பென்டிரைவ் முறை. 8 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸை எழுதி, அதிலிருந்தே பெட்டியை இயக்கலாம். வட்டில் ஒன்றும் மாறாது. பென்டிரைவில் எழுதுவதற்கு ரூஃபஸ், வென்டாய் போன்ற கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. எழுதும்போது அந்தப் பென்டிரைவில் முன்னிருந்தவை அழிந்துவிடும் என்பதை மறத்தலாகாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. ஆழம் பார்க்கும் கோல் இதுவே. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி அசைகிறதா, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்பனவற்றை ஒரு வாரம் பார்த்துவிட்டு, பிறகே மேற்கொண்டு செல்லவேண்டும். ஒரு வாரத்தில் வீட்டார் ஒருவரும் அதனைத் தொடவில்லையாயின், நிறுவும் எண்ணத்தையே கைவிடலாம்.

(ஆ) இரட்டைத் தொடக்க முறை. வட்டைப் பங்கிட்டு இரு தளங்களையும் அதில் வைப்பது இம்முறை. ஒரு கண்மாய்க்கு இரண்டு நீர்ப்பாய்ச்சிகள். ஆயின் முறை வைத்து. ஒருவர் முறையில் மற்றவர் ஓய்வு. பெட்டியை இயக்கியதும், இன்று யார் முறை என்று கேட்கும் சிறு மென்பொருளுக்கு கிரப் என்று பெயர். நினைவகம் முழுவதும் அன்றைய முறைகாரருக்கே கிடைப்பதால், பழைய பெட்டிகளுக்கு இதுவே ஏற்றது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறப் பெட்டியை நிறுத்தி மீண்டும் இயக்கவேண்டும் என்பது இதன் குறை.

(இ) உட்பொறி முறை. வர்ச்சுவல் பாக்ஸ் போன்ற மென்பொருளால், ஓடும் தளத்திற்குள்ளேயே மற்றொரு தளத்தை ஒரு சாளரத்தில் ஓட்டலாம். பெரிய நீர்ப்பாய்ச்சி தன் பங்கில் ஒரு பகுதியைக் கீழுள்ளவருக்குப் பிரித்துக் கொடுப்பது போன்றது இது. இரண்டும் ஒரே வேளையில் ஓடும். நீர் மட்டும் பாதியாகும். 8 ஜிகாபைட் நினைவகமேனும் இல்லாத பெட்டியில் இம்முறையில் இரண்டு வயலுமே காயும். புதிய பெட்டி வாங்கியோர், ஒரு பழைய மென்பொருளுக்காக மட்டும் பழைய தளத்தை வைத்திருக்க விரும்பினால் இது சாலச் சிறந்தது.

6. நிறுவுமுன் செய்யவேண்டியவை

இப்பகுதியை இருமுறை படிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வட்டைப் பங்கிடும்போது நேரும் ஒரு தவறான சொடுக்கு, மகளின் சான்றிதழ் நகல்களையும், மறைந்த பெரியவரின் நிழற்படங்களையும், பத்தாண்டு வடிவங்களையும் ஒருசேர அழித்துவிடும். தளத்தை மீண்டும் நிறுவலாம். அழிந்த படத்தை மீண்டும் எடுக்க இயலாது.

ஆகவே முதற் கடமை நகலெடுத்தல். வேண்டிய கோப்புகள் அனைத்தையும் வெளிவட்டு ஒன்றில் எடுத்து, அவ்வெளிவட்டை வேறொரு கணிப்பொறியில் செருகி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்தபின்னரே அது நகலாகும். திறந்து பார்க்கப்பெறாத நகல், எண்ணிப் பார்க்கப்பெறாத ரொக்கம் போன்றது. இயலுமாயின் இரண்டு நகல்கள் எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வைக்கவும்.

இரண்டாவதாக, விண்டோஸில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இயங்குகிறதா என்று பார்க்கவும். இயங்கினால் அதன் மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளவும். மூன்றாவதாக, விண்டோஸின் விரைவுத் தொடக்கம் என்னும் வசதியை அணைக்கவும். அது விழித்திருக்கையில் விண்டோஸ் முழுமையாக உறங்குவதில்லை. அந்நிலையில் அதன் பங்கில் லினக்ஸ் எழுத முற்பட்டால் கோப்புகள் கெட நேரிடும். நான்காவதாக, விண்டோஸின் பங்கைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டே செய்யவும்.

ஐந்தாவது, மின்சாரம். பங்கீடு நடக்கையில் மின்சாரம் அற்றுப்போனால் வட்டின் கணக்கே குழம்பிவிடும். பழைய மடிக்கணினிகளின் மின்கலம் பெரும்பாலும் செத்திருக்கும். ஆதலின் மின்தடை அறிவித்த நாளிலும், இடிமழைப் பொழுதிலும் இவ்வேலையைத் தொடங்கற்க. யு.பி.எஸ். உள்ள இடத்தில் வைத்துச் செய்தல் நன்று.

7. வட்டைப் பங்கிடும் விதம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பர். 320 ஜிகாபைட் வட்டுள்ள ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் இதனைச் சுமார் 298 என்றே காட்டும். இருபத்திரண்டை யாரும் திருடவில்லை. வட்டை விற்பவர் ஆயிரம் ஆயிரமாக அளக்க, விண்டோஸ் 1024 ஆக அளக்கிறது. ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்ட காலத்தை அறிந்தோருக்கு இதில் வியப்பில்லை.

இந்த 298இல் விண்டோஸுக்கு 120, லினக்ஸுக்கு 40, மீதி 138 பொதுக் கிடங்குக்கு என ஒதுக்கலாம். பொதுக் கிடங்கு என்பது இரு தளத்தாரும் வந்து எடுக்கவும் வைக்கவும் உரிய களம். இதனை என்.டி.எஃப்.எஸ். என்னும் அமைப்பில் வைக்கவேண்டும். லினக்ஸ் அதனைப் படிக்கவும் எழுதவும் வல்லது. லினக்ஸுக்குரிய அமைப்பையோ விண்டோஸ் இயல்பாகப் படிப்பதில்லை. படங்கள், கடிதங்கள், கணக்குகள் யாவும் களத்திலேயே இருத்தல் வேண்டும். அப்போது ஏதேனும் ஒரு தளம் கெட்டு மீண்டும் நிறுவ நேர்ந்தாலும், தானியம் நனையாது.

பழைய முறை வட்டுகளில் முதன்மைப் பங்குகள் நான்குக்கு மேல் கூடா என்பது ஒரு வரம்பு. உற்பத்தியாளரே மீட்புப் பங்கு முதலியவற்றால் நான்கையும் நிரப்பியிருக்கலாம். அவ்வாறாயின் நிறுவும் மென்பொருள் மேற்செல்ல மறுக்கும். அவ்வேளையில் கண்ணில் பட்ட பங்கை அழித்துவிடாமல், அறிந்தவரை அழைத்துக் காட்டுதல் வேண்டும்.

8. அன்றாடப் பராமரிப்பு

இரட்டைத் தளத்தாரைத் திகைக்கவைக்கும் ஒன்று கடிகாரம். லினக்ஸில் வேலைசெய்துவிட்டு விண்டோஸுக்குள் நுழைந்தால், நேரம் ஐந்தரை மணி பிந்தியிருக்கும். பெட்டியின் உட்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகக் கொள்கிறது. விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. இந்திய நேரம் பொது நேரத்திற்கு ஐந்தரை மணி முந்தியது ஆதலின், வேற்றுமையும் அவ்வளவே. இது சிறு விஷயமன்று. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து கணக்கெழுதும் நெசவாளரின் பதிவில் முந்தைய நாளின் தேதி விழுந்துவிடும். இணையம் துண்டித்த விண்டோஸ் தானாகத் திருத்திக்கொள்ளவும் இயலாது. உட்கடிகாரத்தை உள்ளூர் நேரத்திலேயே வைக்குமாறு லினக்ஸுக்கு ஒருமுறை ஆணையிட்டால் இக்குறை நீங்கும்.

லினக்ஸை நீக்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பழைய பயாஸ் முறைப் பெட்டியில், விண்டோஸிலிருந்தபடியே லினக்ஸ் பங்கை அழித்துவிட்டால், மறுமுறை இயக்குகையில் பெட்டி கறுப்புத் திரையோடு நின்றுவிடும். முறை கேட்பவனாகிய கிரப் அப்பங்கினுள் வாழ்ந்தமையே காரணம். விண்டோஸின் தொடக்கப் பகுதியைப் பழுதுபார்க்கும் வட்டை முதலில் ஆயத்தம் செய்துகொண்டு, பின்னரே அழித்தல் வேண்டும். இவ்வாறு நின்ற பெட்டியைக் கடையிற் கொடுத்தபோது, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு உரிமம் அற்ற விண்டோஸ் பிரதி ஒன்றைப் போட்டுக் கொடுப்பதும் உண்டு. கோப்புகளும் போய், நேர்மையும் போன கதை அது. கடையிற் கொடுக்கு முன்னர், கோப்புகள் வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லி, எழுதியும் வாங்கிக்கொள்க.

வீட்டில் ஒரு சிறு குறிப்பேடு வைக்கவும். அதில் நிறுவிய நாள், ஒவ்வொரு தளத்தின் பெயரும் பதிப்பும், அதன் ஆதரவு முடியும் நாள், அதில் செய்யும் வேலைகள், கடைசியாக நகலெடுத்த நாள் ஆகியவற்றை எழுதவேண்டும். வங்கிக் கடவுச்சொற்களை மட்டும் இதில் எழுதுதல் கூடாது. சங்கத்தின் இருப்புப் பதிவேட்டைப் போலவே இதனையும் மாதம் ஒருமுறை ஒத்துப் பார்க்கலாம். ஆறு மாதம் விண்டோஸ் பக்கம் ஒருவரும் செல்லவில்லை என்று குறிப்பேடு காட்டினால், அதனை நீக்கி ஒற்றைத் தளத்திற்கு மாறும் காலம் வந்துவிட்டது. இரண்டு என்பது இலட்சியமன்று. தேவை உள்ளவரைக்குமான ஏற்பாடே.

9. சங்கம் செய்யக்கூடியது

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர், அவருட் பலர் நெசவாளர், தம் சிறு முதலை ஒன்றுசேர்த்துக் கடை வைத்தமையைக் கூட்டுறவாளர் அனைவரும் அறிவர். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸும் பலருடைய உழைப்பு ஒன்றுசேர்ந்து வளர்ந்ததே. ஆர்வலரும், பெரிய நிறுவனங்களின் பணியாளரும் ஆகப் பல நாட்டார் அதற்கு எழுதுகின்றனர். படி எடுக்கவும், அடுத்தவருக்குக் கொடுக்கவும், திருத்தி அமைக்கவும் அதன் உரிமம் இடம் தருகிறது. ஆகவே சங்கம் ஒருமுறை பதிவிறக்கிய லினக்ஸை அங்கத்தினர் அனைவரும் சட்டப்படி பகிர்ந்துகொள்ளலாம்.

இதனைக் கொண்டு ஒவ்வொரு சங்கமும் மூன்று காரியங்களைச் செய்யலாம். பென்டிரைவ் இரண்டில் லினக்ஸை எழுதிவைத்து, நூலகப் புத்தகம் போலக் கையொப்பம் பெற்று ஒரு வாரத்திற்கு இரவல் கொடுக்கலாம். பெரிய வெளிவட்டு ஒன்றை வாங்கி, நிறுவும் நாளில் நகலெடுப்பதற்கு மட்டும் உதவலாம். வேலை முடிந்து, அங்கத்தினர் தம் கோப்புகளைச் சரிபார்த்தபின், அவர் கண்ணெதிரிலேயே அதனைத் துடைத்துவிட வேண்டும். அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுள் கணிப்பொறி கற்ற ஒருவரைக் கொண்டு, மாதத்தில் ஒருநாள் சங்கக் கட்டடத்தில், தடையற்ற மின்சாரத்தோடு இவ்வேலையைச் செய்விக்கலாம். அப்பிள்ளைக்கு நியாயமான கூலி கொடுப்பதும் கூட்டுறவின் பாற்பட்டதே. சங்கத்தின் கணக்குக் கணிப்பொறியில் மட்டும், மேலலுவலகத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றி எவரும் எத்தளத்தையும் மாற்றுதல் கூடாது. இப்பாடம் வீட்டுக் கணிப்பொறிக்கே உரியது.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் உள்ள தளம் எது? அதன் ஆதரவு முடியும் நாள் எது?

2. அதில் நடைபெறும் வேலைகளைப் பட்டியலிடுக. அவற்றுள் இணையம் இன்றி நடைபெறக்கூடியவை எவை?

3. விண்டோஸை விட்டால் நின்றுவிடும் வேலை ஏதேனும் உண்டா? இல்லையாயின், இரண்டு தளங்கள் உங்களுக்கு வேண்டுமா?

4. உங்கள் கோப்புகளைக் கடைசியாக நகலெடுத்தது எப்போது? அந்நகலை வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்ததுண்டா?

5. நிறுவிய நாளன்று உதவியவர் ஊரில் இல்லாதபோது, பெட்டி நின்றுபோனால் உங்கள் வீட்டில் யார் அதனைப் பார்ப்பார்?

ஐந்தாம் வினாவிற்கு விடை கிடைக்கும்வரை நிறுவும் வேலையை ஒத்திவைக்கலாம். நான்காம் வினாவின் வேலையை மட்டும் நாளைக்கென்று தள்ளாமல் இன்றே செய்க.